கையில் பிரம்பு, மனதில் கத்தி: பிலிப்பைன்ஸ் கத்திக் கலையில் டிரில் எதற்கு, ஸ்பாரிங் எதற்கு?

வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் கட்டடத்து மொட்டை மாடியிலிருந்து ஒரு சத்தம் வரும். டக் டக் டக், டக் டக் டக் என்று, கொட்டுக்காரர்கள் ஒத்திகை பார்ப்பது போல. ஒருநாள் ஏறிப் போய்ப் பார்த்தேன். என்னோடு பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர்கள் நாலைந்து பேர், ஆளுக்கு இரண்டு பிரம்போடு எதிரெதிரே நின்று, ஒருவர் பிரம்பில் மற்றவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் செபூ தீவுக்காரர். எல்லோரும் அவரை ‘குயா’ என்பார்கள். அவர்கள் மொழியில் அண்ணன். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன், அப்புறம் அவரிடமே கற்றுக்கொள்ளவும் ஆரம்பித்தேன்.

“குயா, இதை வைத்து நிஜமாகச் சண்டை போட முடியுமா?” என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். “இதில் எதையெல்லாம் எடுத்துவிட்டோம் தெரியுமா தம்பி? அது தெரிந்தால் இது பயிற்சி. தெரியாவிட்டால் டான்ஸ்” என்றார்.

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு அந்தப் பதிலைத்தான் இங்கே விரித்துச் சொல்லப் போகிறேன். சொல்லிவைத்து ஆடும் டிரில் எதைக் கொடுக்கிறது, எதை எடுத்துவிடுகிறது. சொல்லாமல் ஆடும் ஸ்பாரிங் எதைக் கொடுக்கிறது, அது எதை எடுத்துவிடுகிறது. இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் எந்த வகுப்பில் சேர்ந்தாலும் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே புரியும்.

கத்திக்குப் பதில் ஏன் பிரம்பு?

இந்தக் கலைக்கு ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காலி என்று மூன்று பெயர்கள் காதில் விழும். மூன்றும் ஒரே குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை. கவசத்துக்கான சொல் ஆர்னிஸ் ஆனது, வாள்வீச்சுக்கான சொல் எஸ்க்ரிமா ஆனது. 1565 முதல் 1898 வரை ஸ்பெயின் அங்கே ஆண்டது என்பதால், தூரத்தின் பெயர், அடியின் பெயர், பயிற்சியின் பெயர் எல்லாவற்றிலும் ஸ்பானிய வாடை அடிக்கும். 2009 டிசம்பர் 11 அன்று கையெழுத்தான குடியரசுச் சட்டம் 9850, ஆர்னிஸை நாட்டின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. அந்தச் சட்டமே எஸ்க்ரிமா, காலி என்ற பெயர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

கையில் பிரம்பு இருந்தாலும் இந்தக் கலை நினைப்பது கத்தியைத்தான். 1521 ஏப்ரல் 27 அன்று செபூவுக்குப் பக்கத்து மக்தான் தீவின் கரையில், அந்தத் தீவின் தலைவர் லாபுலாபுவின் ஆட்களோடு மோதி, ஸ்பெயினுக்காகக் கப்பலில் வந்த மெகல்லன் இறந்துபோனார். கூட வந்திருந்த பிகாஃபெட்டா அதை எழுதி வைத்திருக்கிறார். வந்தவர்களின் உடம்பில் கவசம் இருப்பதைப் பார்த்த தீவுக்காரர்கள் மூடாத கால்களைக் குறிவைத்தார்கள். மெகல்லனின் இடது காலில் ஒரு பெரிய வளைவாளின் வெட்டு விழுந்தது, அவர் முகங்குப்புற விழுந்தார். இன்றைய பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கும் முறைகள் அதற்கு வெகுகாலம் பின்னால் உருவானவை. ஆனால் திறந்திருக்கும் இடத்தை வெட்டு என்ற கணக்கு மாறவே இல்லை. கீழே கையைப் பற்றிப் பேசும்போது அது திரும்ப வரும்.

கத்தி அங்கே அன்றாடப் பொருளும்கூட. போலோ என்பது நம் ஊர் அரிவாள் மாதிரி; தேங்காய் உடைக்க, புதர் வெட்ட, கறி நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். சூலு தீவுகளில் தௌசுக் மக்களின் பாரோங் இலை வடிவில் அகலமாக இருக்கும். பத்தங்காஸ் பக்கம் பலிசோங் என்ற மடக்குக் கத்தி. இதையெல்லாம் வைத்து இரண்டு பேர் தினமும் பழகினால் ஒரு மாதத்தில் ஆளுக்கு நாலு விரல்தான் மிஞ்சும். அதனால் பிரம்பு வந்தது.

வழக்கமான அளவு 28 அங்குலம், அதாவது சுமார் 71 சென்டிமீட்டர். சிலம்பக் கம்பை மனதில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இது குட்டையாகத் தெரியும். ஒரு கையில் பிடிப்பதற்கான நீளம் இது. பிரம்பு மூங்கில் போல உள்ளே பொள்ளலாக இருக்காது. மோதினால் பிளந்து சிலாம்பு தெறிக்காது; மெல்ல நாராக உரியும். இரண்டு பேரும் பலமாக அடித்தால் தீய்ந்த வாசனை வரும். உரிந்த இடத்தில் டேப் சுற்றி மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குப் பக்கத்தில் வீசப்போகும் பொருள் என்பதால் இந்தக் குணம் முக்கியம். மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு மரக்கம்பு வாங்க வேண்டாம்.

அடிக்கு எண், தூரத்துக்குப் பெயர்

கராத்தேயில் வெறுங்கை முதலில், ஆயுதம் பிறகு. இங்கே தலைகீழ், முதல் நாளே கையில் ஆயுதம். காரணம் எளிது. இந்தக் கலை ஆயுதத்தைப் பார்ப்பதில்லை, அது வரும் வழியைப் பார்க்கிறது. வலது தோளுக்கு மேலிருந்து சரிவாக இறங்கி எதிராளியின் இடது நெற்றிப்பொட்டுக்குப் போகும் வழிக்கு ஒன்று என்று பெயர். அதற்கு எதிர்ப்பக்கம், இடமிருந்து வலமாக இறங்குவது இரண்டு. பிரம்பு வந்தாலும் கத்தி வந்தாலும் வெறும் கை வந்தாலும் அந்த வழியில் வந்தால் அது ஒன்று. சில பள்ளிகள் ஐந்து வழிகளோடு நிறுத்திக்கொள்ளும். பல பள்ளிகளில் பன்னிரண்டு. எண்களின் வரிசையும் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒரு மாஸ்டரிடம் ஐந்தாம் எண் வயிற்றுக் குத்து என்றால் இன்னொருவரிடம் அது வேறாக இருக்கலாம். எண்ணைவிட வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்துக்கு மூன்று பெயர்கள்: லார்கோ, மேதியோ, கோர்தோ. லார்கோவில் என் கத்தி உங்கள் ஆயுதம் பிடித்த கையை எட்டும், உடம்பை எட்டாது. மேதியோவில் உடம்பையும் எட்டும். என் இடது கையால் உங்கள் ஆயுதக் கையைத் தொடவும் முடியும். கோர்தோ என்றால் ஒட்டி நிற்பது. அங்கே பிடி, தள்ளு, பிரம்பின் அடிக்கட்டையால் குத்து. பெரும்பாலான டிரில்கள் மேதியோவில் நடக்கின்றன. பெரும்பாலான வெட்டுகள் லார்கோவிலேயே விழுந்துவிடுகின்றன. புதிதாக வருபவர்களின் குழப்பத்தில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிரில்: இரண்டு பேர் சேர்ந்து கட்டும் தாளம்

மாடியில் நான் முதலில் கேட்ட சத்தம் சினாவலி. ஆளுக்கு இரண்டு பிரம்பு. பிளந்த மூங்கிலில் பின்னிய தட்டிக்கு அங்கே சவாலி என்று பெயர். பின்னல் என்ற பொருளில் டிரிலுக்கும் அந்தப் பெயர் வந்தது. ஆறு அடி கொண்ட ஒரு வகையைத்தான் பெரும்பாலும் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். வலது, இடது, வலது. உடனே இடது, வலது, இடது. நமக்கு இது சுலபம். தகிட தகிட என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டால் கை தானாக வந்துவிடும். நான் அப்படி முணுமுணுப்பதைக் கேட்ட குயா, மற்றவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கச் சொன்னார். இடது கையை வலது கைக்குச் சமமாகப் பழக்குவதற்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

அடுத்து ஹூபுத் லூபுத். முடிச்சைப் போடுவதும் அவிழ்ப்பதும் என்ற கருத்தில் வந்த பெயர். இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நீங்கள் வலது கையை ஒன்றாம் வழியில் என் தலைக்குக் கொண்டுவருகிறீர்கள். என் இடது முன்கை அதை எதிர்கொள்கிறது. உடனே என் வலது முன்கை அடியில் நுழைந்து உங்கள் கையை வாங்கி, எனக்கு வலப்பக்கமாகக் கடத்திவிடுகிறது. கடத்திய கையை என் இடது உள்ளங்கை முழங்கைக்கு அருகில் அமுக்கி நிறுத்துகிறது. அந்த நேரத்தில் என் வலது கை விடுபட்டு, அதே ஒன்றாம் வழியில் உங்கள் தலைக்கு வருகிறது. இப்போது உங்கள் முறை. மூன்று தொடுதல், ஓர் அடி. மூன்று தொடுதல், ஓர் அடி.

இதில் கற்றுக்கொள்வது தடுப்பு என்று முதலில் நினைத்தேன். சில மாதம் கழித்துத்தான் புரிந்தது, இதில் பழகுவது தோல். உங்கள் முன்கை என் முன்கையில் படும்போது, நீங்கள் தள்ளுகிறீர்களா, இழுக்கிறீர்களா, அடுத்து எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று தொடுதலிலேயே தெரிய ஆரம்பிக்கும். கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். குயா எங்களை அப்படிச் செய்ய வைப்பார்.

இன்னொன்று சும்பிராதா. ஆளுக்கு ஒரு பிரம்பு. நீ அடி, நான் தடுத்து அடிக்கிறேன், நீ தடுத்து அடி என்று ஒரு சுற்று. இதில் கவனிக்க வேண்டியது ஆயுதம் இல்லாத கை. பிரம்பு அடியை வாங்கிய மறுநொடி, இடது கை எதிராளியின் மணிக்கட்டில் போய் உட்கார வேண்டும். அந்தக் கை தொங்கிக்கொண்டிருந்தால் குயா சுற்றை நிறுத்திவிடுவார். “இன்னொரு கை எங்கே போனது?” என்பார். பிரம்பைப் பிடிக்காத கைதான் எதிராளியின் இரண்டாவது அடியைத் தடுக்கிறது என்பது இந்தக் கலையின் பாலபாடம்.

சரி, இத்தனை டிரிலும் எதை எடுத்துவிட்டன? முதலில், நோக்கத்தை. எதிரே இருப்பவர் என்னை அடிக்கப் பார்க்கவில்லை; எனக்குப் பழக்கிவிடப் பார்க்கிறார். அவர் கை அடித்துவிட்டு அங்கேயே நிற்கிறது, நான் தொடட்டும் என்று. நிஜமாக வெட்டுபவர் கையை அங்கே விட்டுவைக்க மாட்டார். இரண்டாவது, நேரத்தை. அடுத்து எது வரும் என்று எனக்குத் தெரியும். கண் பார்த்து, மூளைக்குப் போய், கை அசைவதற்குச் சுமார் கால் விநாடி ஆகும். மேதியோ தூரத்தில், முன்கூட்டித் தெரியாத ஒரு வெட்டுக்கு அந்தக் கால் விநாடி பெரும்பாலும் போதாது. டிரிலில் எனக்குத் தெரிந்தே இருப்பதால் அந்தக் கஷ்டம் வெளியே தெரிவதில்லை. மூன்றாவது, கால். தாளம் கெடக்கூடாது என்று இருவரும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறோம். நான்காவது, கை. பிரம்பைப் பிரம்பு அடிக்கிறது. பிரம்பைப் பிடித்திருக்கும் விரல்களை யாரும் அடிப்பதில்லை.

இந்தக் கடைசி விஷயம் தெரிந்தே செய்த மாற்றம். பழைய பயிற்சியில் எதிராளியின் கையைத்தான் அடிப்பார்கள். நெக்ரோஸ் தீவில் பிறந்து மாடர்ன் ஆர்னிஸ் என்ற முறையை உருவாக்கிய ரெமி பிரசாஸ், கைக்குப் பதில் பிரம்பை அடிக்கும்படி மாற்றினார். விரல் வீங்கி வீட்டுக்குப் போகும் மாணவன் அடுத்த வாரம் வரமாட்டான். பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் இது இல்லாமல் முடியாது. அவர் செய்தது சரி என்பதே என் எண்ணம். ஆனால் அந்த மாற்றத்துக்குக் காரணம் மறந்துவிட்டால், பிரம்பின் நடுவில் அடிப்பதுதான் குறி என்று கை பழகிவிடும். டிரில் ஆடும்போது, இந்த அடி இன்னும் ஒரு சாண் முன்னால் போனால் அங்கே இருப்பது எதிராளியின் விரல் முட்டி என்று நினைத்துக்கொண்டே ஆடுங்கள்.

பிரம்பு சொல்லும் பொய்

டிரிலுக்குள் இன்னொரு அடுக்கு இருக்கிறது. பிரம்பு உருண்டை, கத்திக்கு முனையும் கூரும் உண்டு. பிரம்பின் எந்தப் பக்கம் பட்டாலும் வலிக்கும். கத்தி தட்டையாகப் பட்டால் வெட்டாது. இதைப் புரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி: பிரம்பின் ஒரு பக்கம் நெடுகக் கலர் டேப் ஒட்டுங்கள், அதுதான் கூர் என்று. சினாவலியை மெதுவாகச் செய்து, ஒவ்வொரு அடியிலும் டேப் முதலில் படுகிறதா என்று பாருங்கள். எனக்கு முதல் தடவை ஆறில் இரண்டுதான் சரியாக விழுந்தன. புறங்கைப் பக்கம் வரும் அடிகளில் மணிக்கட்டு திரும்பாமல் கத்தி படுத்துவிடுகிறது.

இன்னும் உண்டு. பிரம்பை எட்டிப் பிடிக்கலாம்; பல ஆயுதப் பறிப்பு வித்தைகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. கத்தியை அப்படிப் பிடிக்க முடியாது, மணிக்கட்டையோ பிடியையோதான் தேட வேண்டும். பிரம்பில் வலு இல்லாமல் தொட்டால் அது அடியே இல்லை. கத்தியில் முன்கையின் உட்பக்கம் லேசாக உரசிப் போனாலே அந்தக் கை பயன்படாமல் போகலாம். அதனால்தான் லார்கோ தூரத்திலிருந்து கையை வெட்டுவதற்கு இந்தக் கலை இவ்வளவு மரியாதை கொடுக்கிறது. பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்றே அதைச் சொல்வார்கள். பல் பிடுங்கிய பாம்பு என்று நாமும் சொல்கிறோமே, அதே படம்தான். தலையையும் நெஞ்சையும் தேடி உள்ளே போகாதே, உன் பக்கம் நீண்டு வருவது கை, அதை வெட்டு.

ஆகவே ஒரே டிரிலைப் பிரம்பில் செய்து, பின் மரக் கத்தியில் செய்து பாருங்கள். மரத்திலோ அலுமினியத்திலோ கூர் இல்லாமல் செய்த பயிற்சிக் கத்திகள் கிடைக்கும். அலுமினியம் கனமும் கூர்ப்பக்கமும் புரிவதற்கு நல்லது, ஆனால் முனை கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஜோடி சேர்ந்து செய்யும்போது டிரிலாக இருந்தாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். கூர் உள்ள கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே ஆள் நிறுத்தச் சொல்லும் மாஸ்டர் யாராக இருந்தாலும் அங்கே பழகாதீர்கள்.

ஸ்பாரிங்: தாளம் உடையும் இடம்

எங்கள் முதல் ஸ்பாரிங் கம்பு நாங்களே செய்தது. பிவிசி குழாயை 28 அங்குலத்துக்கு வெட்டி, ஏசி குழாய்க்குப் போடும் கருப்பு ஃபோமை மேலே மாட்டி, நுனியில் இரண்டு விரற்கடை ஃபோம் கூடுதலாக விட்டு டேப் சுற்றினோம். குத்தும்போது குழாய் முனை வெளியே வராமல் இருக்க அந்தக் கூடுதல் ஃபோம் அவசியம். ஒரு மாதம் உழைக்கும், அப்புறம் கிழியும், மறுபடி சுற்றலாம்.

முதல் தடவை ஸ்பாரிங் செய்யும் எல்லோருக்கும் நடப்பது ஒன்றுதான். ஆறு மாதம் பழகிய ஹூபுத் காணாமல் போகும். சினாவலி காணாமல் போகும். ஒன்றாம் அடியும் இரண்டாம் அடியும் மட்டும் மாறி மாறி வரும். மூச்சு முட்டும். பழகியதெல்லாம் வீண் என்று மனசு விட்டுப் போகும். வீண் இல்லை. டிரிலில் எடுத்துவிட்ட நான்கும் ஒரே நேரத்தில் திரும்பி வந்திருக்கின்றன: எதிராளிக்கு நோக்கம் இருக்கிறது, நேரம் தெரியவில்லை, கால் நகர்கிறது, விரலில் அடி விழுகிறது. இதில் முதலில் தேறுவது கை இல்லை, கால்தான். அரை அடி பின்னால் எடுத்து வைத்தால் அவர் கம்பு என் மூக்குக்கு முன்னால் போகிறது, என் கம்பு அவர் மணிக்கட்டில் விழுகிறது. இந்த அரை அடியைச் சொல்லிக்கொடுக்க முடியாது. அடி வாங்கினால்தான் வரும்.

போட்டி வடிவங்கள் பல. 1932-இல் செபூவில் தொடங்கிய தோசே பாரெஸ் சங்கத்தின் வழியில் வந்தவர்கள் முன்நின்று வளர்த்த முறையில், பஞ்சு வைத்துத் தைத்த நீள அங்கியும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு பிரம்பாலேயே அடித்துக்கொள்வார்கள். குத்துச்சண்டை போலச் சுற்றுகளும் புள்ளிகளும் உண்டு. 2019 தென்கிழக்காசிய விளையாட்டில் ஃபோம் கம்புக்கும் பிரம்புக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன; தனியாக ஆடிக் காட்டும் அன்யோவும் இருந்தது. இன்னொரு கோடியில், 1988-இல் கலிபோர்னியாவில் உருவான டாக் பிரதர்ஸ் குழு. வாள்வீச்சு முகமூடி, மெல்லிய கையுறை, பிரம்பு. நடுவர் கிடையாது, கோப்பை கிடையாது, நாள் முடிவில் நண்பர்களாகத் திரும்ப வேண்டும் என்பது மட்டும் விதி. அதைப் பார்த்துவிட்டு நாமும் அப்படி ஆடலாம் என்று ஆரம்பத்திலேயே இறங்காதீர்கள். அவர்கள் பல வருடம் பழகியவர்கள்.

ஸ்பாரிங்கும் சிலவற்றை எடுத்துவிடுகிறது. அதைச் சொல்பவர்கள் குறைவு. அங்கி போட்டவுடன் பயம் போய்விடுகிறது. பயம் போனால் தூரம் போய்விடுகிறது. இருவரும் நெஞ்சோடு நெஞ்சு நின்று, ஒருவர் ஏழு அடி அடிக்க மற்றவர் எட்டு அடி அடிக்க, எட்டு அடித்தவர் ஜெயித்ததாக ஆகிறது. கையில் இருப்பது கத்தி என்றால் இரண்டாவது அடி வரைக்கும் இருவரும் நின்றிருக்க மாட்டார்கள். மக்தானில் கவசம் இருந்த இடத்தை விட்டுக் காலைத் தேடினார்கள்; நம் ஸ்பாரிங்கில் அங்கி இருக்கும் இடத்திலேயே அடித்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு இது உறைத்தது ஒரு சாயங்காலத்தில். குயா இரண்டு மரக் கத்திகளின் கூர்ப்பக்கத்தில் சிவப்பு லிப்ஸ்டிக் தடவினார். பழைய வெள்ளை டி-ஷர்ட் போட்டு வரச் சொல்லியிருந்தார். நானும் என் வயதுப் பையன் ஒருவனும் இரண்டு நிமிடம் ஆடினோம். நான் நான்கு இடத்தில் அவனைத் தொட்டேன், நெஞ்சில் நேராக ஒன்று. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். “கையைத் திருப்பு” என்றார் குயா. என் வலது முன்கையின் உட்பக்கம், மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை, சிவப்பாக ஒரு நீளக் கோடு. எப்போது விழுந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. அநேகமாக நான் நெஞ்சில் குத்தக் கையை நீட்டிய அதே நேரத்தில். கழுத்தின் ஓரத்தில் இன்னொன்று. சோப்பு போட்டுத் தேய்த்தும் மறுநாள் வேலைக்குப் போகும்போது அந்தக் கோடு லேசாகத் தெரிந்தது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம்

டிரிலிலிருந்து ஒரே தாவலாக ஸ்பாரிங்குக்குப் போவதுதான் பல வகுப்புகளில் நடக்கும் தவறு. நடுவில் ஒரு படி தேவை, அது இந்தக் கலைக்குள்ளேயே இருக்கிறது. வெனான்சியோ பேகன் 1950-களில் செபூவில் தொடங்கிய பாலிந்தவாக் முறையைப் பாருங்கள். ஒற்றைப் பிரம்பு, நெருங்கிய தூரம். வாத்தியார் முன்னால் நின்று, எந்த அடி வரும் என்று சொல்லாமல் ஒவ்வொன்றாகக் கொடுப்பார். மாணவன் வாங்கித் திருப்புவான். மாணவன் திணறினால் வேகம் குறையும், சமாளித்தால் கூடும். நோக்கம் இன்னும் பழக்கிவிடுவதுதான், ஆனால் நேரமும் வழியும் தெரியாமல் போய்விட்டன. டிரிலில் எடுத்துவிட்டதை ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கிறார்கள். ஆயுதக் கலை கற்றுக்கொடுப்பதில் இதைவிடப் புத்திசாலித்தனமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தனியாக ஒரு நண்பரோடு பழகுபவர்களும் இதைச் செய்யலாம். சும்பிராதா ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒருவருக்கு மட்டும் எப்போது வேண்டுமானாலும் தாளத்தை உடைத்து வேறொரு அடி கொடுக்கும் உரிமை இருக்கட்டும். அது பழகிய பிறகு, அவர் பின்னால் நகரவும் உரிமை கொடுங்கள். இப்போது உங்கள் கால் விழித்துக்கொள்ளும். அடுத்து, ஃபோம் கம்பும் கையுறையும் போட்டு, முழங்கைக்குக் கீழே மட்டும் குறி என்று ஆடுங்கள். இதில் ஆட்டம் லார்கோவிலேயே நின்றுவிடும், காயம் குறைவு, கத்தியின் கணக்குக்கு மிகப் பக்கம். நான் இந்த ஆட்டத்தில் கற்றது முழு ஸ்பாரிங்கில் கற்றதைவிட அதிகம்.

முழு ஸ்பாரிங்குக்கு வரும்போது விதியை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வெட்டோடு ஆட்டம் நிற்க வேண்டும். வெட்டியவரும் அடுத்த நொடியில் வெட்டு வாங்கியிருந்தால் இருவருக்கும் புள்ளி இல்லை. இந்த ஒரு விதி போதும், நெஞ்சோடு நெஞ்சு நிற்பது குறைந்துவிடும். கவசம் போட்டும் தூரத்துக்குப் பயப்பட வேண்டியிருக்கும்.

பாதுகாப்பில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் கிரிக்கெட் ஹெல்மெட் இருக்கிறதே என்று எடுத்து வந்துவிடாதீர்கள். அதன் கம்பி இடைவெளி பந்து நுழையாமல் இருக்கச் செய்தது. கத்தி முனையும் பிரம்பு நுனியும் தாராளமாக நுழையும். வலை பின்னிய வாள்வீச்சு முகமூடி வாங்குங்கள். அதிலும் தலையின் பின்பக்கம் மூடியிருக்காது, அதனால் பின்னந்தலைக்கு அடிப்பதில்லை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் பேட்டிங் கையுறை ஃபோம் கம்புக்குப் போதும். பிரம்பு என்றால் போதாது; கட்டை விரலையும் மணிக்கட்டையும் சேர்த்து மூடும் தடித்த கையுறை வேண்டும்.

வகுப்பு தேடுபவர்கள் மாஸ்டரிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த டிரிலில் எதை எடுத்துவிட்டிருக்கிறீர்கள்? இங்கே ஸ்பாரிங் எப்போது, என்ன விதியில்? நல்லவர்கள் இரண்டுக்கும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள், செய்தும் காட்டுவார்கள். நிஜக் கத்தியோடு வருபவனை இப்படிப் பிடுங்கி அனுப்பிவிடலாம் என்று முதல் நாளே தைரியம் சொல்பவரிடம் போக வேண்டாம். கத்தியோடு ஒருவன் வந்தால் ஓட வழி இருக்கிறதா என்றுதான் குயா முதலில் பார்க்கச் சொல்வார்; இருபது வருடம் பழகியவர் அவர்.

ஊர் திரும்பும்போது அவர் கொடுத்த பிரம்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. நுனியிலிருந்து ஒரு சாண் நாராகிவிட்டது, மூன்று தடவை டேப் சுற்றியாயிற்று. ஒரு பக்கம் நெடுக ஒட்டிய மஞ்சள் டேப் மட்டும் பிடிப் பக்கத்தில் கொஞ்சம் உரிந்திருக்கிறது. இந்த வாரம் புதிதாக ஒட்ட வேண்டும்.